ஐஸ் நிற்கும் நாட்கள்

இனயம்
16 ஜூன் 2024

அன்பு மகள் அஜிஷாவுக்கு,

அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் சுகம். ஹாஸ்டல் சோறு உன் வயிற்றுக்குப் பிடிக்கிறதா என்று அம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பெற்றோர் கூட்டத்தில் உன் மானத்தை வாங்கியதற்கு மன்னித்துக்கொள். மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் பிளாண்டில் ஐஸ் வேலை கிடையாது, பெயின்ட் வேலைதான். முந்தின நாள் முழுக்க ஏணியில் நின்ற உடம்பு. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்ததும் தூங்கிப்போனேன். கைதட்டுகிற சத்தத்தில் முழித்தேன். மரியாதைக்கு எழுந்து நிற்போம் என்று நின்றால், நின்றவன் நான் ஒருத்தன்தான். கைதட்டல் முன்னால் பேசியவருக்காம். அது முடிந்ததும், கிறிஸ்துமஸ் சந்தைக்குப் பொறுப்பெடுக்க விருப்பமுள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்று தலைமை சிஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை, நான் நிற்கிறேன்.

“உங்களால் என்ன தர முடியும்?” என்று மைக்கில் கேட்டார். வாயில் வேறு எதுவும் வரவில்லை. “ஐஸ்” என்றேன். நீ தலையைக் குனிந்ததை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் போன், மாதம் ஒரு கடிதம், பெற்றோரும் கைப்படத்தான் பதில் எழுத வேண்டும் என்பது உங்கள் வார்டன் சிஸ்டர் செசிலியின் சட்டம். நான் ஒன்பதில் தோற்றவன். நீ எட்டில் இருக்கிறாய். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம்தான் தகுதி உண்டு.

அண்ணன் ஷாஜன் கரையில்தான் இருக்கிறான். போட் ஆகஸ்டில்தான் இறங்கும். “அப்பா போட்டுல ஏறுனா மீனுக்கு வாந்திதான் இரை” என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டு நாலு நேரம் சாப்பிடுகிறான். இனயத்தில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாத ஆள் நான். அதனால்தான் போட்டுக்கு ஐஸ் ஏற்றுகிறேன், அவன் அந்த ஐஸோடு போகிறான்.

ஜெபமாலை மறக்காதே.
அன்புள்ள அப்பா,
யோவான்


விடுதி
7 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அம்மா, அண்ணன் சுகம்தானே?

சோறு பரவாயில்லை. சாம்பார் மூன்று நாள் ஒரே சாம்பார்தான், பெயர் மட்டும் மாறும். வெள்ளிக்கிழமை மீன் உண்டு. குழம்பில் மீனை அதிகம் தேடுவது ஷம்னாதான். அவள் என் பக்கத்துக் கட்டில், குளச்சல்காரி. “ஏட்டி, இதுல மீன் குளிச்சிட்டுப் போயிருக்கு” என்பாள்.

வகுப்பில் எல்லோரும் என்னை “ஐஸ்” என்று கூப்பிடுகிறார்கள். உங்களால்தான். முதலில் அழுகை வந்தது, இப்போது பழகிவிட்டது. சந்தையோடு சேர்த்து, பள்ளிக்கூடக் கூரை நிதிக்கு ஆளுக்கு ஒரு நன்கொடை அட்டை தந்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் சிஸ்டரோடு கடைத்தெருவில் போய் நிற்கிறோம். “வேற வேல இல்லியா பிள்ளயளுக்கு” என்று ஒரு கடைக்காரர் விரட்டினார். ஷம்னா அவரிடம் “இதுதான் எங்க வேல மாமா” என்றாள். சிரித்துக்கொண்டே தந்துவிட்டார்.

அண்ணனிடம் என் சைக்கிளை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சீட்டைத் தாழ்த்திவிடுவான்.

அம்மாவுக்கு முத்தம்.
உங்கள் அஜிஷா


விடுதி
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

காலாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. விடுமுறைக்கு நான் வர முடியாது, சாரணியர் முகாம் இருக்கிறது. கட்டாயமாம். கூடாரத்தில் தூங்கப்போகிறோம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகுதான் வீட்டை நினைத்தேன்.

இன்னொன்று. நவம்பர் முதல் வாரம் எட்டாம் வகுப்பைக் கொச்சிக்கு டூர் கூட்டிப்போகிறார்கள். கப்பல் கட்டுகிற இடம், படகுச் சவாரி எல்லாம் உண்டு. முப்பதாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். வகுப்பில் நான் மட்டும்தான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. கஷ்டமாக இருந்தால் வேண்டாம் அப்பா. போகாதவர்களை அந்த மூன்று நாளும் ஏழாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் முதல் ட்ரிப் முடிந்து வந்துவிட்டானா? இந்தத் தடவை மீன் உண்டா?

உங்கள் அஜிஷா


இனயம்
27 செப்டம்பர் 2024

அன்பு மகள் அஜிஷாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டு பழைய முட்டுதான், மழை வந்தால் முன்கூட்டியே சொல்லும்.

டூருக்குப் பணம் கட்டிவிட்டேன். ரசீது இதனுடன் இருக்கிறது. எப்படி என்று கேட்காதே, முதலாளி போனஸ் தந்தார். ஓணத்துக்குப் போனஸ் தராத மனிதர் ஓணம் முடிந்து தந்தார், நான்தான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் போய் உட்காருவதெல்லாம் உன் அப்பாவின் தலைமுறையோடு போகட்டும். ஒன்பதில் தோற்றபோது என்னைத் தம்பிகளோடு உட்கார வைத்தார்கள். என் கால் பெஞ்சுக்கு வெளியே நீண்டுகிடக்கும்.

ஷாஜன் ஒரு வாரம் கரையில் நின்றான். மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறான். இருபத்துநாலாம் தேதி இறங்கினார்கள். நான்தான் என் கையால் ஐஸ் உடைத்துப் போட்டேன், நாற்பது நாளைக்கு நிற்கிற ஐஸ். உன் சைக்கிள் சீட்டை உயர்த்தி வைத்துவிட்டுத்தான் போனான்.

முகாமில் பாம்பு பார்த்து நட.
அன்புள்ள அப்பா


விடுதி
22 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எல்லோரும் சுகமா?

அறிவிப்புப் பலகையில் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். கடல் நட்சத்திரம் என்கிற போட்டைக் காணவில்லையாம். உடைந்த பலகையும் இரண்டு மிதவையும்தான் கிடைத்தனவாம். பதினொரு பேர் பெயர் போட்டிருந்தது. ஏழாவது பெயர் எபிசன், இனயம். நான் ஐந்து தடவை வாசித்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எபிசன் மாமாதானே? பாப்பா பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்களா?

அண்ணனின் போட் சீயோன்தானே, அது வேறுதானே? பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை என்று பார்த்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. எபிசன் மாமா பெயரைப் பார்த்த பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. அது பாவமா அப்பா?

இந்த வருடம் கூரை வேண்டாம், சந்தைப் பணம் முழுவதும் அந்தக் குடும்பங்களுக்கு என்று தலைமை சிஸ்டர் சொல்லிவிட்டார். நான் ஒரு யோசனை சொன்னேன். காகிதக் கப்பல் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி விற்பது. வாங்குகிறவர்கள் அந்த ஆளுக்காக ஜெபிக்க வேண்டும். சிஸ்டர் ஒத்துக்கொண்டார். எபிசன் மாமா கப்பல் முழுவதும் நானே செய்கிறேன்.

இரண்டு ஞாயிறும் உங்கள் போன் அடிக்கவே இல்லை. ஏன்?

உங்கள் அஜிஷா


இனயம்
25 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் செசிலி அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். தாங்கள் நலமென நம்புகிறேன்.

நான் கூட்டத்தில் தூங்கி எழுந்து நின்ற யோவான், அஜிஷாவின் தகப்பன். இதைத் தனியாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேப்பரில் வந்த பட்டியலில் எபிசன் என்று இருக்கிறது. எபிசன் உயிரோடு இருக்கிறான். அவன் குழந்தைக்கு அக்டோபர் ஆறாம் தேதி ஞானஸ்நானம். அதனால் அவன் கரையில் நின்றான், அவன் இடத்துக்கு என் மகன் ஷாஜன் போனான். ஷாஜனின் போட்டை எஞ்சின் வேலைக்காகக் கரையில் ஏற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருத்தனுக்கு முடியாவிட்டால் இன்னொருத்தன் ஏறிவிடுவான். பட்டியலை மாற்ற ஆபீசுக்குப் போக வேண்டும், அதற்கு யாரும் போவதில்லை. நானும் போகச் சொல்லவில்லை. பெயர் எபிசனுடையது, ஆள் என்னுடையவன்.

இப்போது ஆபீசில் திருத்திவிட்டார்கள். திருத்திய பட்டியல் பேப்பரில் வந்தால் அதை மட்டும் பலகையில் ஒட்ட வேண்டாம். பிள்ளை நவம்பரில் டூர் போகிறாள். டிசம்பரில் பரீட்சை. அதுவரைக்கும் அவள் எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டும்.

என் மனைவி ராஜபாய் தினமும் ஒன்றைத்தான் கேட்கிறாள். “எத்தன நாளைக்கு ஐஸ் போட்டீரு?” நாற்பது என்றேன். நாற்பது நெருங்குகிறது. “கதவு நல்லா அடச்சி வச்சா அம்பது நிக்கும்” என்று நேற்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் ஐஸ் வேலை பார்த்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

தங்கள் பணிவுள்ள,
யோவான்


இனயம்
27 அக்டோபர் 2024

அன்பு மகள் அஜிஷாவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

போன் ஐஸ் பிளாண்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்தேன், சட்டைப் பையிலிருந்து தானே குதித்தது. என்னோடு இருந்து அதற்கும் வாழ்க்கை வெறுத்திருக்கும். புதிது வாங்கும்வரை கடிதம்தான்.

நீ சந்தோஷப்பட்டது பாவம் இல்லை மக்கா. யாராக இருந்தாலும் தன் வீட்டுப் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள்.

பாப்பாவுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. எபிசன் மாமாவுக்காக ஜெபம் பண்ணு. கப்பல் நல்ல யோசனை. அந்தப் பெயரில் கொஞ்சம் கூடுதலாகவே செய்.

அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் இந்த மாதம் பார்க்க வர முடியாது. டூரில் படகில் ஏறும்போது வாந்தி வந்தால் வெட்கப்படாதே, அது என் பக்கத்துச் சொத்து.

அன்புள்ள அப்பா


விடுதி
11 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா? கஞ்சி வைத்துக் கொடுத்தீர்களா, இல்லை அதுவும் தொட்டிக்குள் விழுந்ததா?

டூர் போய் வந்தோம். எனக்கு வாந்தி வரவே இல்லை! ஷம்னாதான் பஸ்ஸிலேயே மூன்று தடவை. “கடலு எனக்கு வேண்டாம், கடலு கறி மட்டும் போதும்” என்றாள். துறைமுகத்தில் மீன்பிடி போட்டுகள் வரிசையாக நின்றன. நம் ஊர் எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சீயோன் இல்லை. வெளியே ஒரு போட் போய்க்கொண்டிருந்தது. அண்ணனாக இருக்கும் என்று கை காட்டினேன். பதிலுக்கு ஒரு ஆள் கை காட்டினான். அண்ணன் இல்லை, இருந்தாலும் நன்றாக இருந்தது.

அண்ணனுக்கு ஒரு தொப்பி வாங்கியிருக்கிறேன். நங்கூரம் படம் போட்டது. அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நாற்பது நாள் ஐஸ் என்றால் இப்போது கரைக்கு வந்திருப்பான் அல்லவா? ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சோம்பேறி.

கப்பல் முந்நூறு தாண்டிவிட்டது. எபிசன் மாமா பெயரில் மட்டும் அறுபது.

உங்கள் அஜிஷா


விடுதி
18 நவம்பர் 2024

அன்புள்ள திரு. யோவான் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். தாங்களும் தங்கள் மனைவியும் உடல் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சிற்றாலயத்தில் தினமும் ஷாஜனை நினைக்கிறோம், பெயர் சொல்லாமல்.

டிசம்பர் ஏழாம் தேதி சந்தை. முடிவில் பதினொரு குடும்பத்தாரையும் மேடைக்கு அழைத்து, மெழுகுதிரி ஏற்றி, பெயர் வாசித்து, நிதியை ஒப்படைப்பதாகத் திட்டம். படிவம் இதனுடன் வைத்திருக்கிறேன். “இறந்தவரின் தந்தை” என்ற இடத்தில் தங்கள் கையெழுத்து வேண்டும்.

உங்கள் மகள் தினமும் மாலை எபிசனின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பொய்க்கு நான் இப்படிக் காவல் இருந்ததில்லை. நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா? வேறு யார் வாயிலிருந்தாவது அவள் கேட்கக்கூடாது.

செபத்துடன்,
சிஸ்டர் செசிலி


இனயம்
4 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். தாங்கள் சுகம்தானே.

பதில் எழுதப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. தினமும் படிவத்தை எடுப்பேன், வைப்பேன். அந்த இடத்தில் கையெழுத்துப் போட வரவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் மூன்று தட்டுதான் வைக்கிறோம். ஐம்பது நாளும் முடிந்தது. ராஜபாய் இப்போது ஐஸைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

நான் மேடைக்கு வரவில்லை. ஷாஜன் பெயரை அன்று வாசிக்க வேண்டாம். பரீட்சை முடிந்து அவளைக் கூப்பிட வரும்போது நானே சொல்கிறேன்.

ஆனால் ஜூனில் சொன்ன சொல் இருக்கிறது. சந்தைக்கு ஐஸ் வந்துவிடும், டெம்போவில் அனுப்புகிறேன். டிரைவர் முகம்மது மீரான் வருவார். ஜூஸ் கடைக்குப் பத்து ஐஸ் பார் போதும் அல்லவா?

பணிவுள்ள,
யோவான்


விடுதி
7 டிசம்பர் 2024

அப்பா,

இதை எபிசன் மாமா கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

நான் கப்பல் மேசையில் இருந்தேன். நல்ல கூட்டம். “ஐஸ் வந்தாச்சு, வழி விடு” என்று யாரோ சொன்னார்கள். நம் ஐஸ் என்று எட்டிப் பார்த்தேன். தோளில் சாக்கு போட்டு, அதன்மேல் ஐஸ் பார் வைத்துக்கொண்டு எபிசன் மாமா வருகிறார். மீரான் மாமாவுக்குக் கை முடியவில்லையாம், ஐஸ் இறக்க இவர் கூட வந்தாராம்.

நான் கத்தினேன். “மாமா உயிரோட இருக்காவ! மாமா உயிரோட இருக்காவ!” என்று மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஷம்னாவும் கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள் அப்பா. மாமா அப்படியே நின்றார். ஐஸ் கீழே விழுந்து உடைந்தது. என் கையில் அவர் பெயர் எழுதிய கப்பல் இருந்தது. அதை வாங்கிப் பார்த்தார்.

“எங்கின இருந்தீங்க மாமா? நீந்தியா வந்தீங்க?”

“நான் போவல மக்கா” என்றார். “ஒனக்கு யாரும் சொல்லலியா?”

“பொறவு ஒங்க எடத்துல யாரு போனா?”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐஸ் துண்டுகளைக் கையால் பொறுக்கிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் செசிலி வந்து என் தோளைப் பிடித்தார். சைக்கிள் சீட் ஞாபகம் வந்தது. தொட்டியில் விழுந்த போன் ஞாபகம் வந்தது.

அறுபது கப்பலில் நான் தப்பான பெயர் எழுதியிருக்கிறேன். வாங்கியவர்கள் எல்லோரும் தப்பான ஆளுக்கு ஜெபிக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அண்ணன் சீயோனில்தானே போவான், ஏன் அதில் ஏறினான்? மாமாவிடம் கேட்டேன். “அத மட்டும் எங்கிட்ட கேக்காத மக்கா, ஒன் அப்பாட்ட கேளு” என்று அழுகிறார்.

அஜிஷா


இனயம்
8 டிசம்பர் 2024

என் மகளே,

சுகமா என்று இன்று கேட்கவில்லை.

நானும் அம்மாவும் மத்தியான பஸ்ஸில் வருகிறோம். நேரில் வந்தால் என் வாய் திறக்காது, திறந்தாலும் ஏதாவது கோமாளித்தனம் பேசிவிடுவேன். அதனால் கடிதம் முன்னால் வருகிறது, எபிசன் கையிலேயே.

ஆமாம், அண்ணன்தான். இறங்கி இன்றைக்கு எழுபத்தைந்து நாள். நாற்பது நாளைக்குத்தான் ஐஸ் போட்டேன். கதவை எப்படி அடைத்தாலும் ஐம்பது நிற்காது, அது நான் அம்மாவுக்குச் சொன்ன பொய். உனக்குச் சொன்ன பொய் அதைவிடப் பெரியது. உயிரோடு இருக்கிற மனிதனுக்காக உன்னை ஜெபிக்க வைத்தேன். எபிசனுக்கு அது எதுவும் தெரியாது, அவன்மேல் கோபப்படாதே. என் தலையில் ஒரு சுமை பார்த்தால் இப்போது ஓடிவந்து வாங்கிவிடுகிறான். நேற்று ஐஸும் அப்படி வாங்கியதுதான்.

உன் பரீட்சை கெடக்கூடாது என்று சிஸ்டரிடம் எழுதினேன். அதுவும் பாதிதான் உண்மை. உனக்குத் தெரியாதவரைக்கும், உலகத்தில் ஒரு ஆளுக்காவது ஷாஜன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். உன் கடிதத்தில் அவன் சோம்பேறி, அவன் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. அதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தப்பான ஆளுக்கு ஜெபித்தார்கள் என்று வருத்தப்படாதே. எபிசனுக்கும் தேவைதான்.

தொப்பியை எடுத்துக்கொண்டு வா. அவன் கட்டில் தலைமாட்டில் ஆணி இருக்கிறது.

ஏன் ஏறினான் என்று கேட்டாய். எபிசனுக்குக் குழந்தையின் ஞானஸ்நானம், ஆள் வேண்டும் என்று கேட்டான். அண்ணன் போனான். யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது அவனுக்கு, அது உனக்கே தெரியும்.

உன் அப்பா


(அதே உறைக்குள், மடித்த துண்டுத்தாளில்)

சிஸ்டர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். இதோடு உள்ள கடிதத்தை முதலில் தாங்கள் வாசித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கவும். நாங்கள் வரும்வரை பக்கத்தில் இருக்கவும். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவள் மறுபடியும் கேட்பாள். எபிசன் சொல்லமாட்டான், சத்தியம் வாங்கியிருக்கிறேன். டூர் பணம் முதலாளி தந்த போனஸ் என்று அவளுக்கு எழுதியிருந்தேன். போனஸ் என்று ஒன்று யாரும் தரவில்லை சிஸ்டர், அது ஷாஜன் அந்தப் போட்டில் ஏறத் தந்த முன்பணம். எபிசன் அன்று யாரையும் பேர் சொல்லிக் கேட்கவில்லை, டீக்கடையில் ஆள் தேடிக்கொண்டிருந்தான். ஷாஜன் வீட்டில் பாயில் படுத்திருந்தான். “கை கால் எல்லாம் வலிக்குப்பா, இந்த ஒரு மாசம் நிக்கட்டா?” என்றான். நான்தான் அவன் பையை எடுத்துக் கையில் கொடுத்தேன். “எழும்பு மக்கா, தங்கச்சி டூரு போணும்லா” என்றேன்.